சுடர்விழி பார்த்துச் சொன்ன வண்டி

பாபநாசம் மெயின் ரோட்டில் இருக்கும் என் கடைப் பலகையில் 'அல்லா பிச்சை ஆட்டோ ஸ்பேர்ஸ்' என்று எழுதியிருக்கிறது. அந்த அல்லா பிச்சை நான்தான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடமாவது வழி கேட்டால் "சுடர்விழி கடையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக வாடகை கட்டுகிறவன் நான். இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

சுடர்விழி என் கடையில் வேலை பார்க்கும் பெண். ப்ளஸ் டூ முடித்து, பத்தொன்பது வயதில் பில் போட வந்தாள். இப்போது முப்பத்தாறு. வந்த இரண்டாம் வருஷமே எந்த வண்டிக்கு எந்த பேரிங் என்று என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான்காம் வருஷம் நான் அவளைக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கணவன் அறுவடை மெஷின் டிரைவர். சீசனுக்கு ஆந்திரா வரைக்கும் போய்விட்டு வருகிற ஆள்.

பழைய வண்டிகளை மொபைலில் போட்டு விற்கிற காலம் வந்த பிறகுதான் அவள் பெயர் ஊரைத் தாண்டியது. முன்பெல்லாம் பழைய வண்டி என்றால் மாமன் மச்சானிடம் வாங்குவார்கள், இல்லையென்றால் புரோக்கரைப் பிடிப்பார்கள். இப்போது முகம் தெரியாத ஒருவன் நான்கு போட்டோ போட்டு, 'சிங்கிள் ஓனர், லேடி யூஸ்டு, விலை பேசிக்கொள்ளலாம்' என்று எழுதுகிறான். வாங்க நினைக்கிறவர்கள் அந்த போட்டோவைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வருகிறார்கள், சாமான் வாங்க இல்லை, சுடர்விழியிடம் காட்ட.

அவளும் பில் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு மொபைலை வாங்கிப் பார்ப்பாள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருப்பான், ஆனால் கிக்கர் ரப்பர் தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கும். மூன்று பக்கம் போட்டோ போட்டிருப்பான், வலது பக்கம் மட்டும் இருக்காது. வலது பக்கம்தான் விழுந்திருக்கிறது என்று அவள் சொல்வாள், போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். போட்டோவில் தேறுகிற வண்டியை நேரில் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டாள். வாங்கினவர்கள் முதல் ஆயிலை நம் கடையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். நானே அந்த நிபந்தனையைப் போட்டிருப்பேன், அவள் முந்திக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவளிடம் வண்டி கிடையாது. ஊரிலிருந்து காலை ஒன்பது மணி பஸ்ஸில்தான் வந்து இறங்குவாள். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்க வேண்டும் என்று பதினொரு வருஷமாகத் தபால் ஆபீசில் பணம் போட்டுக்கொண்டு, பதினொரு வருஷமாக விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்தவன் இப்படிக் குறை சொல்லியிருந்தால் உனக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் நடந்திருக்காது என்று நான் கேலி செய்வேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த போட்டோவுக்குப் போய்விடுவாள்.

அவளுக்குக் கழுவித் துடைத்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. அவள் அப்பா வீரையன் பண்ணையாட்கள் பரம்பரை, அம்மா ராசம்மாள் நடவுக்குப் போனவள். வீரையனிடம் ஒரு சைக்கிள் இருந்ததாம். பண்ணை வீட்டுத் தெருவுக்குள் அதை ஏறி ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதையும் வாய்க்காலில் சேறு போகக் கழுவிவிட்டுத்தான் அந்த வாசலில் நிறுத்த வேண்டும். சின்னப் பிள்ளையாகக் கூடவே போய் அந்தச் சைக்கிளைக் கழுவினவள் சுடர்விழி. "சேறு இருந்தா உழைச்ச வண்டி பாய். கழுவி வச்சா எதையோ மறைக்கிறான்" என்பாள். பதினேழு வருஷத்தில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. மதிவதனி என்று ஒரு பெண். கும்பகோணத்தில் ஸ்கேன் சென்டரில் டெக்னீசியன், கணவன் திருப்பூரில், நான்கு வயதில் குந்தவை என்று ஒரு மகள். மாலை டியூட்டி முடிந்து பஸ் கிடைக்காமல் அல்லாடி, எப்படியாவது ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுவது என்று நகையை வைத்துப் பணம் புரட்டியிருந்தாள். பதினாறு வண்டியின் போட்டோ காட்டினாள், பதினாறையும் சுடர்விழி தள்ளிவிட்டாள். பதினேழாவது ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டர். ராஜகிரியில் உபைதுல்லா என்பவர் போட்டிருந்தார். அக்காவின் வண்டி, அக்கா டீச்சர், ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடியது.

அன்று காலையில் சுடர்விழியும் மதியும் குந்தவையும் போய்ப் பார்த்தார்கள். சுடர்விழி வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. இன்ஜின் சத்தம் சுத்தம், முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு இல்லை, கும்பகோணம் ரிஜிஸ்ட்ரேஷன், ஒரே ஓனர். சீட்டின் பின்மூலை கிழிந்த இடத்தில் அந்த டீச்சர் தன் கையாலேயே வெள்ளை நூலில் நெருக்கமாகத் தையல் போட்டிருந்தாராம். அப்படித் தைக்கிறவர் வண்டியை ஒழுங்காகத்தான் வைத்திருப்பார் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஃபுட்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள், கைநிறையச் சேறு. ஆக, கழுவி மினுக்கவில்லை. வழக்கமாக ஸ்குரூ டிரைவரால் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்ப்பாள். அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதில் எனக்கும் பங்கு இருக்கிறது. கடையில் கூட்டம், அறுவடை சமயம், எல்லோருக்கும் செயின் வேண்டும், டியூப் வேண்டும். சீக்கிரம் வா என்று பத்து நிமிஷத்தில் மூன்று தடவை போன் போட்டேன். மூன்றாவது தடவை கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் கையை ஒரு சாக்கில் துடைத்துவிட்டு, எடுத்துக்கொள் என்று மதியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மதிவதனி பணத்தைக் கொடுத்துப் பேப்பர்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடைக்கு வந்து முதல் ஆயில் வாங்கினாள். குந்தவை ஃபுட்போர்டில் நின்றுகொண்டு ஹாரனை விடாமல் அடித்தாள். அப்படியே திருக்காட்டுப்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரப்போவதாக மதி சொன்னாள். அங்கே ஒரு மூட்டை அரிசி கட்டி வைத்திருக்கிறார்கள், முன்னால் வைத்து எடுத்து வரலாமா என்று கேட்டாள்.

"அம்பது கிலோ வை. தாங்கும்" என்றாள் சுடர்விழி.

அப்போது மணி பதினொன்று. பன்னிரண்டரைக்குக் கூட்டம் குறைந்து, நான் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்தேன். சுடர்விழி கை கழுவப் போனவள் குழாயைத் திறக்காமல் நின்றாள். இடது முழங்கையருகே ஒட்டியிருந்த சேற்றுத் திட்டு ஒன்று இப்போதுதான் காய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

நம் வயல் சேறு காய்ந்தால் கறுத்து வெடிக்கும். இது வெளுத்திருந்தது. யூரியாவாக இருக்கும், உர மூட்டை ஏற்றியிருப்பார்கள் என்றேன். அவள் அந்தத் திட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு பாய். சமையல் உப்பு."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் மெல்லத் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். வண்டி பத்து நாளாக ஷெட்டில் சும்மா நிற்கிறது என்று உபைதுல்லா சொன்னார், ஆனால் அடியில் இருந்த சேறு ஈரமாக இருந்தது. மாசி வெயிலில் பத்து நாள் காயாமல் இருக்குமா? உப்பு கலந்த மண்தான் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கையில் ஈரம் பட்டபோது நேற்றுகூட வயலுக்குப் போன வண்டி என்று சந்தோஷப்பட்டேனே என்றாள்.

நான் உபைதுல்லாவுக்குப் போன் போட்டு, சுடர்விழிக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன். அக்கா எந்த ஸ்கூலில் வேலை பார்த்தார் என்று கேட்டேன்.

"வேதாரண்யம் பக்கம் மாமா. ஏழு வருஷம் அங்கதான். போன மாசம்தான் டிரான்ஸ்பர் ஆகி வந்துச்சு. வீட்டுக்குப் பின்னாடியே உப்பளம், அந்த மண்ணுலதான் போக வர. ஏன் மாமா?"

"இதை ஏம்ப்பா காலையில சொல்லல?"

"யாரும் கேக்கலையே மாமா."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கிறது. ஸ்கூல் எங்கே என்று கேட்க வேண்டியவள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கூட்டரின் ஃபுட்போர்டுக்கு அடியில் முன்சக்கரத்தையும் பின்பக்கத்தையும் பிணைக்கிற இரும்புப் பைப் போகிறது. வண்டியின் முதுகெலும்பு அதுதான். உப்புச் சேறு அதில் ஏழு வருஷம் ஒட்டியிருந்தால் வெளியே பெயிண்ட் இருக்கும், உள்ளே இரும்பு இருக்காது. இன்ஜின் நன்றாக இருக்கும், பிரேக் நன்றாக இருக்கும். ஒருநாள் வேகத்தடையிலோ பள்ளத்திலோ வண்டி நடுவில் மடங்கும். அந்த இடத்தில்தான் குந்தவை நின்றுகொண்டு போனாள். அதே இடத்தில்தான் அரிசி மூட்டையை வைக்கப் போகிறாள் மதி, ஐம்பது கிலோ தாங்கும் என்ற பேச்சை நம்பி.

மதியின் நம்பருக்கு அடித்தோம். மணி அடித்து நின்றது. மறுபடியும் அடித்தோம். நான்கு தடவை. வண்டி ஓட்டும்போது போனை சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டுகிற பெண் அவள், அது கேட்காது. அவள் அம்மா நம்பர் எங்களிடம் இல்லை. அப்பா பெயர் பகலவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு, அவ்வளவுதான் தெரியும்.

"சாவியைக் குடுங்க பாய்" என்றாள் சுடர்விழி.

கடையை இழுத்து மூடினேன். பிரித்த சாப்பாடு அப்படியே கிடந்தது. என் வண்டியை அவள் ஓட்ட, அறுபத்தோரு வயதில் நான் பின்னால் உட்கார்ந்தேன். சொந்த வண்டி இல்லாதவள் வண்டி ஓட்டுகிற வேகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கபிஸ்தலம் தாண்டி ஆற்றோர ரோட்டில் ஏறியதும், பாதி ரோட்டை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லைச் சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். அவள் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் வளைந்து போனாள். மெதுவாகப் போ என்று சொல்ல வாயைத் திறந்தேன், காலையில் சீக்கிரம் வா என்று கத்தினது ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் அதைத் தாண்டிவிட்டு ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்றும் கிடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த தடை வரைக்கும்தான் அந்த மூச்சு. சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்கூட்டர் எதிரே வந்தது, அதில் ஒரு கிழவர் இருந்தார். இன்னொன்று வந்தது, அதுவும் இல்லை.

திருவையாற்றில் சிக்னலில் நிற்கிற மாதிரி ஒரு நெரிசல். நின்றோம். நான் மறுபடியும் மதியின் நம்பரை அழுத்தினேன். இந்த முறை எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

எடுத்தது மதியின் அம்மா.

"எங்க மதி போனை சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டுப் போயிடுச்சுங்க. இப்பத்தான் கிளம்பிச்சு, பத்து நிமிஷம்கூட ஆகல. மூட்டைய முன்னாடி வச்சு, அதுமேல குட்டிய உக்கார வச்சு அனுப்பிட்டோம். நீங்க யாருங்க?"

எந்த வழியாகப் போகிறாள் என்று கேட்டேன். ஆற்றோரமாகத்தான் வருவாள் என்று நினைக்கிறேன் என்றார். பூதலூர் வழியாகத் தஞ்சாவூர் போய், அங்கிருந்து வந்தாலும் வரும் என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது, அவர் வாசலில் நின்று அழுவதைத் தவிர? போனை வைத்துவிட்டு நடந்ததைச் சுடர்விழியிடம் சொன்னேன். ஆற்றோரமா, தஞ்சாவூரா என்று அவள் என்னைக் கேட்டாள். பதினேழு வருஷத்தில் தனக்குத் தெரியாது என்று அவள் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் தெரியவில்லை. ஆற்றோரம் என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில்தான் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

திருவையாறு தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்போம். ரோடு அடைத்துக்கிடந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றின் முன்னால், எடை போடுவது நின்றுபோய், டிராக்டர்கள் வரிசை கட்டி ரோட்டுக்கே வந்திருந்தன. எதிர்ப்பக்கமிருந்து ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் நான் இறங்கி நாலு பேரைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு அந்த லாரிக்காரனின் கையை முத்தமிடலாம் போல இருந்தது. லாரிக்கு அந்தப் பக்கம், நிழலில், இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு மதிவதனி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ஸ்பீடோமீட்டர் மேல் கன்னத்தை வைத்து, குந்தவை தூங்கிக்கொண்டிருந்தாள்.

சுடர்விழி ஸ்டாண்டு போடவில்லை. அப்படியே வண்டியை விட்டுவிட்டு ஓடினாள். வண்டி என் காலில் சாய்ந்தது. நான் அதற்கு அடியிலிருந்து காலை உருவிக்கொண்டு எழுந்தபோது அவள் லாரியைச் சுற்றிப் போய், முதலில் குழந்தையைத் தூக்கியிருந்தாள்.

மதி அதிர்ந்துபோனாள். என்ன அக்கா, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். கணவனுக்கு ஏதோ என்று நினைத்திருக்கிறாள்.

"இஞ்சினை ஆஃப் பண்ணு மதி. மெதுவா இறங்கு. வண்டியக் குலுக்காத" என்றாள் சுடர்விழி.

டிராக்டர்காரர் ஒருவர் கைகொடுத்து மூட்டையை இறக்கினார். சுடர்விழி குழந்தையைத் தோளில் போட்டபடியே குனிந்து ஃபுட்போர்டு மேட்டை உரித்தாள். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர் இருக்கும். அதை வாங்காமல், "நீங்க குத்துங்க பாய்" என்றாள். நான் ரோட்டில் மண்டியிட்டு, கீழே கையை விட்டுச் சேற்றைச் சுரண்டி, பைப்பில் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. அது உள்ளே போனது, அப்பளத்தைக் குத்தினாற்போல். துருப்பொடி என் கையில் கொட்டியது. பைப்பின் இன்னொரு பக்கத்தில் பாதி வட்டமே இல்லை. பெயிண்ட் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

மதிவதனி என் கையைப் பார்த்தாள், ஸ்குரூ டிரைவரைப் பார்த்தாள், பிறகு சுடர்விழியைப் பார்த்தாள்.

"காலையில நீங்கதானக்கா அடியில கைய விட்டுப் பாத்தீங்க?"

"ஆமா. நான்தான் பாத்தேன். சேத்தைப் பாத்து நம்பிட்டேன் மதி. என்மேல தப்பு."

என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி போன் போட்டு அவசரப்படுத்தினார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அப்போது சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதி கையை நீட்டினாள். "பிள்ளையக் குடுங்க" என்றாள். அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சுடர்விழி காலியான கையைத் தொங்கவிட்டபடி அங்கேயே நின்றாள்.

நெல்லை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரில் ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு ராஜகிரிக்கு வந்தோம். உபைதுல்லாவின் அக்கா ஹாஃபிஸா டீச்சர் நல்ல மனுஷி. பைப்பைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போன மாசம் வரைக்கும் இதில்தானே போனேன் என்றார். கேட்பதற்கு முன்னாலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை யாருக்கும் விற்காதீர்கள், உடைத்து இரும்புக்குப் போட்டுவிடுங்கள், ஆர்.சி. புத்தகத்தை இரும்புக்காரன் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்று சுடர்விழி உபைதுல்லாவிடம் இரண்டு தடவை சொன்னாள். அவர் சரி சரி என்றார்.

அதன் பிறகு அவள் வண்டி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். மொபைலை நீட்டுகிறவர்களிடம், எனக்குத் தெரியாதுங்க, மெக்கானிக்கைக் கேளுங்க என்று சொல்லிவிட்டு பில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வாள். நான் ஒருநாள், தப்பில் பாதி என்னுடையது என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் கத்தியதால் அவள் கை சுரண்டாமல் விட்டதா, சேற்றைக் கண்ட மயக்கத்தில் விட்டதா என்று அவளுக்குத்தான் தெரியும். போன் வராமல் இருந்தாலும் சுரண்டியிருக்க மாட்டேன் பாய் என்றாள். எனக்கு அதைக் கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது, அதற்காக வெட்கப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து மதிவதனி கடைக்கு வந்தாள். டியூட்டிக்குப் போகிற வழி, பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாங்க என்றேன் நான். சுடர்விழி எழுந்து நின்றாள். மதி தன் மொபைலை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். ஒரு ஸ்கூட்டர் விளம்பரம்.

எனக்குத் தெரியாது மதி, வேறு யாரிடமாவது காட்டு என்றாள் சுடர்விழி.

"வேற யார்கிட்டக்கா காட்டுவேன்?"

சண்டையாகவும் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. அக்கா என்றது எனக்குக் கேட்டது. சுடர்விழி மொபைலை எடுத்துக்கொண்டாள். சிவப்பு ஸ்கூட்டர், புதுப் பெயிண்ட் பளபளக்கிறது. 'சிங்கிள் ஓனர், லேடி யூஸ்டு, டீச்சர் வண்டி'. நம்பர் பிளேட்டைக் கட்டைவிரலால் மறைத்து எடுத்திருந்தான். கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வண்டி வியாபாரி. முதல் போட்டோவைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதில் விரல்களை வைத்துப் பெரிதாக்கினாள். பெரிதாக்கி, அப்படியே நின்றாள். பிறகு மொபைலை என் பக்கம் திருப்பினாள்.

சீட்டின் பின்மூலையில் வெள்ளை நூலில் நெருக்கமாக ஒரு தையல்.

உபைதுல்லாவை போனில் பிடித்து நான் திட்டின திட்டுக்கு மெயின் ரோடே திரும்பிப் பார்த்தது. பழைய இரும்புக்காரன் உடைத்துவிடுவதாகச் சொன்னான், பேப்பரும் கேட்டான், கொடுத்துவிட்டேன் மாமா என்றார். வியாபாரிக்குப் போன் அடித்தேன். அவன் நிதானமாகப் பேசினான். கண்டிஷன் சூப்பர், மூன்று பார்ட்டி கேட்டிருக்கிறார்கள், சாயங்காலம் ஒருவர் குடும்பத்தோடு பார்க்க வருகிறார் என்றான். போலீசில் சொல்வோம் என்றேன் சுடர்விழியிடம். சொல்லலாம் பாய், ஆனால் அவர்கள் போய்ப் பார்ப்பதற்குள் அதில் யார் வீட்டுப் பிள்ளையாவது நின்றுகொண்டு போகும் என்றாள்.

அவள் தபால் ஆபீசுக்குப் போனாள். பதினொரு வருஷமாக எந்த வண்டிக்கும் எடுக்காத பணத்திலிருந்து முப்பத்து நாலாயிரம் எடுத்தாள். பாதி நான் தருகிறேன் என்றேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டாள். வற்புறுத்தினேன், கோபப்பட்டேன், கேட்கவில்லை. கும்பகோணம் போய், பேரம் பேசாமல், அந்த வியாபாரி கேட்ட விலையைக் கொடுத்து, ஆர்.சி.யை வாங்கிக்கொண்டாள். வண்டி எப்படி இருக்கிறது பார்த்தீர்களா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள் மேடம் என்றானாம் அவன். ஓட்டவில்லை. ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

எங்கள் கடைக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் அதை இறக்கினோம். நடுவில் வெட்டச் சொன்னாள். வெல்டர் கேஸைப் பற்ற வைத்து, நிஜமாகத்தானா என்று என்னைப் பார்த்தார், புதுப் பெயிண்டு அப்படி மினுங்கியது. வெட்டு என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பாதி ஒரு பக்கம் சாய்ந்தது, பின்பாதி ஸ்டாண்டில் நின்றது. சுடர்விழி அது முழுதாக ஆறும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சீட்டைக் கழற்றி எடுத்து ஹாஃபிஸா டீச்சருக்கு என்று தனியாக வைத்தாள்.

அவள் வாழ்க்கையில் சொந்தமாக வாங்கிய வண்டி அது ஒன்றுதான். மறுநாள் காலை வழக்கம்போல ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடை வாசலில் நான்கு பேர் மொபைலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் ஆளின் மொபைலை வாங்கி, போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால், இது எந்த ஊரில் நின்ற வண்டி என்று கேட்டாள்.